நமக்காகப் பேச ஒருவர்

பெந்தகோஸ்துப் பெருவிழாவை முன்னிட்டு ஒரு சிந்தனை



பெந்தகோஸ்துப் பெருவிழா வந்தால் பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்வது நம் பங்குகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான். இம்முறை நாம் கொடைகளை விட்டு, பெயர் ஒன்றைப் பற்றிச் சிந்திப்போம். அருளப்பர் நற்செய்தியின் இராவுணவுப் பகுதியில் நம் ஆண்டவர் பரிசுத்த ஆவியைத் துணையாளர் என்று அழைக்கிறார். மூல மொழியாகிய கிரேக்கத்தில் அச்சொல் பரக்லேத்தோஸ். பக்கத்தில் வரும்படி அழைக்கப்பட்டவர் என்பது அதன் நேர்ப் பொருள். அக்காலத்தில் அது நீதிமன்றத்திலும் புழங்கிய சொல். குற்றம் சாட்டப்பட்டுத் தனியாக நிற்கும் ஒருவனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவனுக்காக வாய் திறந்து பேசுபவரை அப்படி அழைத்தார்கள். அருளப்பர் தமது முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதே சொல்லை இயேசுவுக்கும் சூட்டுகிறார். அவ்விடத்தில் இலத்தீன் விவிலியத்தில் உள்ள சொல் அத்வொக்காத்துஸ், அதாவது வழக்கறிஞர். கிருபைதயாபத்து மந்திரத்தின் இலத்தீன் மூலத்தில் நம் தாயாருக்கும் அந்தப் பட்டமே தரப்பட்டிருக்கிறது.

ஆக, விண்ணகத்தில் நமக்குச் சட்டத்தரணிகள் குறைவில்லை. மாறாக, சாத்தான் என்ற எபிரேயச் சொல்லுக்குக் குற்றஞ்சாட்டுகிறவன் என்று பொருள். இரவும் பகலும் சகோதரர் மேல் குற்றஞ்சாட்டுவதே அவன் தொழில் என்று திருவெளிப்பாடு 12 ஆம் அதிகாரம் கூறுகிறது. (அரச தரப்பில் வழக்கு நடத்தும் நம் சட்டத்தரணிகள் மனம் நோக வேண்டாம். அவர்கள் பணியும் தேவையானதே.)

அருளப்பரின் அந்த வசனத்தை இன்னும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். குற்றமற்ற ஒருவனுக்கு வழக்கறிஞர் உண்டு என்று அவர் எழுதவில்லை. ஒருவன் பாவம் செய்துவிட்டால் அப்போது நமக்காகப் பரிந்து பேச ஒருவர் இருக்கிறார் என்பதே அவர் சொல்வது. குற்றம் செய்தவனுக்கே வழக்கறிஞர் முதலில் வேண்டும். இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இனி வருவதைப் படியுங்கள். ஏனெனில் இனி நான் பேசப்போவது சிறையைப் பற்றி.

கண்டியிலும் சுற்றியுள்ள தோட்டப் பங்குகளிலும் குருவாகப் பணி செய்பவர்களுக்குத் தெரியும், குருமனை வாசலில் வந்து நிற்கும் தாய்மார் எதைக் கேட்பார்கள் என்று. பிள்ளைக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். பாடசாலைக்கு ஒரு கடிதம் கேட்பார்கள். சில வேளைகளில், சேலை முந்தானையில் முடிந்து வைத்த கசங்கிய ஒரு தாளை நீட்டி, "சாமி, மகனப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க, ஒரு லோயர் புடிச்சுத் தாங்க சாமி" என்பார்கள். மகன் எந்தப் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறான் என்பது தாய்க்குத் தெரியாது. எந்தச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள் என்பதும் தெரியாது. கையில் கொழுந்து பறித்த சம்பளம் மட்டும் இருக்கும். அதைக் கொண்டு கொழும்பு புதுக்கடை வரை போய் ஒரு சட்டத்தரணியின் மேசை முன் உட்கார முடியாது.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே சட்டத்தில் ஒரு பழைய கதவு உண்டு. தமிழில் ஆட்கொணர்வு மனு என்கிறோம். அம்பிட்டிய குருமடத்தில் இலத்தீன் படித்தவர்களுக்கு அதன் பழைய பெயரைக் கேட்டால் வேறொரு நினைவும் வரும். ஹேபியஸ் கோர்ப்பஸ் என்றால் "உடலைக் கொண்டு வா" என்று சிறை வைத்தவனுக்கு நீதிமன்றம் இடும் கட்டளை. பெந்தகோஸ்துக்குப் பின் நாம் கொண்டாடும் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவின் இலத்தீன் பெயரிலும் அதே கோர்ப்பஸ்தான் இருக்கிறது. அந்த மனுவில் நீதிமன்றம் கேட்பது மிக எளிய ஒரு கேள்வி: இந்த ஆளை எந்தச் சட்டத்தால் பிடித்து வைத்திருக்கிறாய்? ஆளையும் என் முன் நிறுத்து, காரணத்தையும் சொல். கைதியே மனுப் போட வேண்டும் என்றில்லை. தாய் போடலாம், மனைவி போடலாம், நண்பன் போடலாம். நம் நாட்டில் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரை இந்த அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தமும் 1990 ஆம் ஆண்டுச் சட்டமும் அதை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் விரித்தன. ஆகவே மத்திய மாகாணத்துக்குள் அடைத்து வைக்கப்பட்டவருக்காகக் கண்டியிலேயே மனுத் தாக்கல் செய்ய வழியுண்டு. இதை நம் மக்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

கதவு இருக்கிறது. ஆனால் அதைத் தட்டுவதற்கே சத்தியக்கூற்று வேண்டும், மனு வேண்டும், சட்ட மொழி வேண்டும். சட்டத்தரணி இல்லாதவனுக்கு அது சுவரில் வரைந்த கதவு.

தானியேல் ஆகமத்தின் 13 ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிரிந்த சகோதரரின் வேதாகமத்தில் இப்பகுதி இல்லை. நம்முடையதில் இருக்கிறது என்பது நமக்குப் பெரிய ஆசீர்வாதம். சூசன்னாள் என்ற குடும்பப் பெண் மேல் இரண்டு முதியோர் விபசாரக் குற்றம் சுமத்துகிறார்கள். இருவரும் நீதிபதிகள், ஊரில் மதிப்புள்ளவர்கள். சபை அவர்கள் சொல்லை நம்பி மரண தண்டனை விதித்துவிடுகிறது. அவளுக்காக அங்கே பேசியவர் ஒருவரும் இல்லை. பெற்றோர் வந்திருந்தார்கள், பிள்ளைகள் வந்திருந்தார்கள், உறவினர் அழுதார்கள். அழுகைக்கும் வழக்குப் பேச்சுக்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

கொலைக்களத்துக்குக் கொண்டு போகிற வழியில், ஆண்டவர் ஓர் இளைஞனுடைய ஆவியைத் தூண்டி எழுப்புகிறார். அவன் தானியேல். இந்தப் பழிக்குத் தான் உடன்படவில்லை என்று கூட்டத்தின் நடுவே உரத்துச் சொல்கிறான். விசாரிக்காமல் ஓர் இஸ்ராயேல் மகளைத் தண்டித்தீர்களே என்று கண்டிக்கிறான். எல்லாரையும் மீண்டும் நீதி மன்றத்துக்குத் திருப்பி அழைத்துப் போகிறான். சாட்சிகள் இருவரையும் தனித்தனியே பிரித்து நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் கண்டாய் என்று ஒரே கேள்வி கேட்கிறான். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்கிறார். வழக்கு அங்கேயே உடைகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தானியேலின் புத்திக்கூர்மை மட்டுமல்ல. தீர்ப்பு முடிந்துவிட்டது. சட்டப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று சபை கலைந்துகொண்டிருக்கிறது. இனி என்ன பேச இருக்கிறது என்று எல்லாரும் நினைக்கும் அந்த நேரத்தில்தான் கடவுள் ஒரு வழக்கறிஞரை நியமிக்கிறார். சூசன்னாள் அவரை அமர்த்தவில்லை, கூலி கொடுக்கவில்லை, அவர் பெயர்கூட அவளுக்குத் தெரிந்திருக்காது. அவள் கடவுளை நோக்கிக் கூப்பிட்டாள், அவ்வளவே.

நம் மலைநாட்டிலேயே இதற்குச் சற்று ஒப்பான ஒரு வழக்கு நடந்தது. வயதானவர்களுக்கு நினைவிருக்கும், அல்லது அவர்கள் தகப்பன்மார் சொல்லிக் கேட்டிருப்பார்கள். 1936 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிலிருந்து மார்க் அந்தனி பிரேஸ்கர்டில் என்ற வாலிபர் சின்னதுரை வேலை பழகுவதற்காகக் கண்டிப் பகுதியிலுள்ள மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்தார். வந்தவர் லயத்தையும், படிப்பில்லாத பிள்ளைகளையும், வைத்தியமில்லாத நோயாளிகளையும் கண்டார். துரைமார் பக்கம் நிற்காமல் தொழிலாளர் பக்கம் நின்றதற்காக வேலையை இழந்தார். பின் சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 ஆம் நாள் நாவலப்பிட்டியில் தோட்டத் தொழிலாளர் பெருங்கூட்டம் ஒன்றில் மேடையேறி, வெள்ளைத் துரைமார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வெள்ளையரான அவரே சொன்னார். துரைமார் சும்மா இருப்பார்களா? அம்மாதம் 22 ஆம் நாள், இரண்டு நாட்களுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று தேசாதிபதி ஸ்டப்ஸின் கட்டளை அவர் கைக்கு வந்தது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. 1896 ஆம் ஆண்டு இலண்டனில் பிறப்பித்த ஒரு பழைய ஆணையின் அதிகாரம் மட்டும் காட்டப்பட்டது.

பிரேஸ்கர்டில் தலைமறைவானார். மே 5 ஆம் நாள் காலிமுகத் திடல் கூட்டத்தில் திடீரென்று தோன்றினார். அதே நாளில் அரசாங்க சபை 34 வாக்குகளுக்கு 7 என்ற கணக்கில் தேசாதிபதியைக் கண்டித்தது. சில நாட்களில் பொலிசார் அவரைப் பிடித்துக் கப்பலேற்ற ஆயத்தம் செய்தனர். அப்போது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு வைக்கப்பட்டது. அவருக்காக எழுந்து நின்றவர் எச். வி. பெரேரா. சிவில் வழக்குகளில் அக்காலத்தில் இந்நாட்டின் முதல் வரிசை வழக்கறிஞர். அவர் தம் உழைப்பை இலவசமாகக் கொடுத்தார். பிரதம நீதியரசர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர் கேட்டனர். அவசர நிலைக்கென்று கொடுத்த அதிகாரத்தை, பேசிய பேச்சுக்காக ஒருவரை நாடு கடத்தப் பயன்படுத்த முடியாது என்று மே 18 ஆம் நாள் தீர்ப்பாயிற்று. பிரித்தானிய ஆட்சியின் தேசாதிபதி, பிரித்தானிய ஆட்சியின் நீதிமன்றத்திலேயே தோற்றார்.

சமசமாஜக்காரர் நம் திருச்சபைக்கு நண்பர்களாக இருந்ததில்லை. நம் பழைய பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதியவை கொஞ்சமல்ல. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த வழக்கில் நிலைநாட்டப்பட்ட உரிமை கட்சிக்காரனுக்கு மட்டும் உரியதன்று. அதன் நிழலில் குருவானவரும் நிற்கிறார், தொழிலாளியும் நிற்கிறார்.

ஆயினும் அந்தக் கதையைச் சொல்லி மகிழும்போது எனக்குள் ஒரு கேள்வி எழும். பிரேஸ்கர்டில் துரை சாதியில் பிறந்தவர், ஆங்கிலம் பேசுபவர், பின்னால் ஒரு கட்சி இருந்தவர். அவருக்கு நாட்டின் தலைசிறந்த சட்டத்தரணி கூலியில்லாமல் வந்தார். நாவலப்பிட்டியில் வெயிலில் நின்று அவர் பேச்சைக் கேட்ட தொழிலாளரில் ஒருவனை அன்றிரவே பொலிஸ் பிடித்திருந்தால் யார் வந்திருப்பார்? மூன்றே ஆண்டுகளில், 1940 ஜனவரி 10 ஆம் நாள், ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் குண்டுக்குப் பலியானார். விசாரணைக் குழுவின் முன் அவருடைய விதவைக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். அதே கொல்வின் அவ்வாண்டே விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டு, நம் கண்டி போகம்பரைச் சிறையில் கிடந்தார். 1942 ஏப்ரலில் அங்கிருந்து தோழர்களோடு தப்பினார். விதவைக்காகப் பேசியவருக்கே பேச ஆள் தேவைப்பட்ட காலம் அது. 2014 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போகம்பரைச் சிறை மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள். நகரின் நடுவில் நம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த மதில்கள் இப்போது வெறும் கட்டடம். கைதிகள் நம் கண்ணுக்குத் தூரமாகிவிட்டார்கள்.

வெளிநாட்டுச் செய்தி ஒன்றும் இங்கே பயன்படும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளாரென்ஸ் கிடியன் என்ற ஏழை, பில்லியர்ட்ஸ் விளையாட்டுக் கூடம் ஒன்றை உடைத்ததாக 1961 இல் வழக்கில் சிக்கினார். எனக்கு ஒரு வழக்கறிஞரை நியமித்துத் தாருங்கள் என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டுமே அப்படிச் செய்யச் சட்டம் இடம் தருகிறது என்று நீதிபதி மறுத்தார். தானே வாதாடித் தோற்றுச் சிறை சென்ற கிடியன், அம்மாநில உயர்மன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு அனுப்பினார். அது தள்ளுபடியானது. பின் பென்சிலால் கைப்பட எழுதி நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே அனுப்பினார். அந்நீதிமன்றம் ஏப் போர்ட்டாஸ் என்ற பெயர்பெற்ற வழக்கறிஞரை அவருக்காக நியமித்தது. 1963 மார்ச் 18 ஆம் நாள், பாரதூரமான குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு வழக்கறிஞர் கொடுத்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மறு விசாரணையில் ஒரு வழக்கறிஞர் பக்கத்தில் நிற்க, அதே கிடியன் விடுதலையானார். அதே ஆள், அதே குற்றச்சாட்டு. பக்கத்தில் ஒருவர் நின்றார் என்பதே பெரிய வேறுபாடு.

ஆனால் அந்த நாட்டிலும் ஓர் ஓட்டை மீதமிருக்கிறது. தண்டனை முடிவாகி, மேன்முறையீடும் முடிந்தபின் கைதி கொண்டுவரும் ஆட்கொணர்வு மனுவைக் குற்றவழக்காக எண்ணாமல் சிவில் வழக்காகவே அங்கு எண்ணுகிறார்கள். மரண தண்டனைக் கைதிகளைத் தவிர மற்றவர்களுக்கு அதில் வழக்கறிஞர் கேட்க உரிமையில்லை. கேட்டுக்கொள்ளலாம், நீதியின் நலன் கருதி நீதிபதி கொடுத்தால் உண்டு. சிக்கலான வழக்கு என்பதையும், அதில் பொருள் இருக்கிறது என்பதையும், தன்னால் தனியே நடத்த முடியாது என்பதையும் கைதி எழுதிக் காட்ட வேண்டும். வேடிக்கையைப் பாருங்கள்: நன்றாக எழுதினால், இவனுக்கு வழக்கறிஞர் எதற்கு என்று தோன்றும். எழுதத் தெரியாமல் எழுதினால், வழக்கில் பொருளில்லை என்று தோன்றும்.

நம் நாட்டுக்கு வருவோம். மேல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சட்டத்தரணி இல்லையென்றால், நீதிபதி அரசு செலவில் ஒருவரை நியமிக்க 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையில் ஏற்பாடு உண்டு. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமும், வசதியில்லாத குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நீதியின் நலன் வேண்டும் இடத்தில் கட்டணமின்றிச் சட்ட உதவி என்று கூறுகிறது. இவை எல்லாம் குற்றச்சாட்டு என்று ஒன்று வந்தபின். குற்றச்சாட்டே இல்லாமல் தடுப்புக் கட்டளையில் கிடப்பவனுக்கு? 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஓர் ஆளை 18 மாதம் வரை அப்படி வைத்திருக்க இடம் கொடுத்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 12 மாதமாக்கியது. அமைச்சரின் கையெழுத்தில் அடைபட்டவனுக்கு ஆட்கொணர்வு மனுவே கைக்கெட்டும் மருந்து. அந்த மனுவுக்குக் கட்டாயமாகச் சட்டத்தரணி தருவார் யாரும் இல்லை. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். கண்டியிலும் அதன் நிலையம் உண்டு. வருமானத்தைப் பார்த்து, வழக்கைப் பார்த்து உதவுவார்கள். ஆனால் கேட்க வேண்டும். கேட்கத் தெரிய வேண்டும்.

இந்தியாவில் 1979 இல் நடந்ததை ஒரு பத்திரிகை ஆசிரியனாக நான் மறப்பதில்லை. பீகார்ச் சிறைகளில், குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணையின்றிக் கிடந்த ஏழைகளைப் பற்றி ஒரு நாளிதழ் எழுதியது. அதைப் படித்த கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வழக்கறிஞர், யாரும் தம்மை அமர்த்தாமலே, அந்தச் செய்தியையே ஆதாரமாக்கி உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். ஹுசைனாரா கத்தூன் வழக்கு என்று அது பெயர் பெற்றது. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி என்பது நியாயமான விசாரணையின் பகுதியே என்று நீதியரசர் பகவதி தீர்ப்பளித்தார். பல்லாயிரம் பேர் வெளியே வந்தார்கள். தானியேலையும் யாரும் அமர்த்தவில்லை என்று முன்பு கண்டோமே!

இனிச் சொல்லப்போவது நமக்குச் சற்றுக் கசக்கும்.

2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் 260 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பலியானவர்களில் நம் தமிழ்க் கத்தோலிக்கர் பலர். அதன்பின் அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள். 2020 ஏப்ரலில் ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் என்ற சட்டத்தரணியே கைதானார். அவருக்காக மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு வைக்கப்பட்டது. ஏறக்குறைய 22 மாதங்களுக்குப் பின், 2022 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் வழக்கறிஞர் எதற்கு சாமி, என்று பூசை முடிந்து வாசலில் நின்று கேட்ட நல்ல கிறிஸ்தவர்கள் உண்டு. அவர்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும் பதில் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

முதலாவது, போர்க் காலத்தில் நம் மலைநாட்டுப் பிள்ளைகளை அதே சட்டத்தின் கீழ்ப் பிடித்தபோது, நாம் என்ன கேட்டோம்? எங்கே வைத்திருக்கிறீர்கள், ஏன் பிடித்தீர்கள், ஒரு சட்டத்தரணி பார்க்கட்டும் என்று கேட்டோம். நமக்குக் கேட்டதை அடுத்தவனுக்கு மறுக்க நற்செய்தியில் எந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறது? இரண்டாவது, உண்மை. நம் இறந்தவர்களுக்கு உண்மை வேண்டும் என்றுதானே ஆண்டுதோறும் குரல் எழுப்புகிறோம்? வாதாட ஆளில்லாதவனைத் தண்டித்தால் கிடைப்பது உண்மையன்று, ஒரு பெயர் மட்டுமே. தப்பான ஆள் உள்ளே இருந்தால் சரியான ஆள் வெளியே இருக்கிறான். சூசன்னாள் வழக்கில் அந்த இரண்டு முதியோரும் வெளியே இருந்ததைப் போல. மூன்றாவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்: துணையாளர் பாவிகளுக்காக வந்தவர்.

சட்டத்துக்குப் புறம்பான புதுமையை நான் சொல்லவில்லை. நம் ஆண்டவரைப் பரிசேயர் தண்டிக்கப் பார்த்தபோது, ஒருவன் சொல்வதைக் கேட்காமல் நம் சட்டம் தீர்ப்பிடுமா என்று நிக்கொதேமு கேட்டார். சின்னப்பரைக் கையளிக்கும்படி கேட்டவர்களுக்கு, எதிர்வாதம் செய்ய வாய்ப்புக் கொடாமல் ஓர் ஆளை ஒப்படைப்பது உரோமையர் வழக்கமில்லை என்று பெஸ்து பதில் கூறினான். அவன் அஞ்ஞானி! திருச்சபையின் சொந்தச் சட்டமும் அவ்வாறே. 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1481 ஆம் எண், தண்டனை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எப்போதும் ஒரு வழக்கறிஞர் இருக்க வேண்டும் என்கிறது. அவரே அமர்த்திக்கொள்ளாவிட்டால் நீதிபதி நியமிக்க வேண்டும். நம் வீட்டுக்குள் இந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு, வெளியே வேறு பேச முடியாது.

மே 18 என்ற தேதியை மேலே ஓரிடத்தில் கண்டீர்கள். 2009 இல் அதே தேதியை அண்டி, முல்லைத்தீவில் போர் முடிந்த வேளையில், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசேப் அடிகளார், இராணுவத்திடம் சரணடையச் சென்றவர்களோடு தாமும் சென்றார். அவர்களோடு சேர்ந்து அவரும் காணாமற்போனார். 2013 ஆம் ஆண்டிலிருந்து வவுனியா மேல் நீதிமன்றத்தில் அங்கே சரணடைந்தவர்களின் குடும்பங்கள் ஆட்கொணர்வு மனுக்களை வைத்தன. தவணைக்குத் தவணை முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் அலைந்த அந்த மனைவிமாரோடு, ஊதியத்தை எதிர்பாராமல் நடந்த சட்டத்தரணிகளும் இருந்தார்கள். உடலைக் கொண்டு வா என்று நீதிமன்றம் கேட்கலாம். கொண்டுவராதவனை என்ன செய்வது என்பதில்தான் நம் நாட்டில் அந்த மனு பலமுறை தடுக்கி விழுந்திருக்கிறது. ஆனால் கேட்பதை விட்டுவிட்டால், ஆள் இருந்ததற்கே சாட்சி இல்லாமற் போய்விடும்.

சட்டம் படித்த நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மே 19 ஆம் நாள் புனித ஈவோவின் திருநாள். பிரான்சு நாட்டில் பிரித்தானி பகுதியைச் சேர்ந்தவர், 1303 இல் இறந்தவர், குருவாகவும் திருச்சபை நீதிபதியாகவும் இருந்தவர். ஏழைகளின் வழக்கறிஞர் என்ற பெயரெடுத்ததனால் உலகெங்கும் சட்டத்தரணிகள் அவரைப் பாதுகாவலராகக் கொள்கிறார்கள். கண்டி, மாத்தளை, கம்பளை, நாவலப்பிட்டி நீதிமன்றங்களில் தொழில் செய்யும் கத்தோலிக்கச் சட்டத்தரணிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு வழக்கை, ஒரேயொரு ஆட்கொணர்வு மனுவை, அல்லது பிணை மனுவை, கூலியின்றி எடுப்பதாக ஒவ்வொருவரும் எண்ணினால் போதும். கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் மணி தானாகப் பேசும். சிறையிலிருப்பவனுக்காக நீங்கள்தான் பேச வேண்டும்.

மற்றக் குடும்பங்களும் இதில் செய்யக்கூடியது நிறைய உண்டு. உங்கள் தோட்டத்தில், உங்கள் தெருவில் ஒருவரைப் பிடித்துச் சென்றால் அழுவதோடு நில்லாமல் அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, யார் வந்தார்கள், சீருடையா சாதாரண உடையா, வாகன இலக்கம் என்ன, கண்டவர் யார். ஆட்கொணர்வு மனுவில் நீதிமன்றம் தேடுவது இதைத்தான். மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்லும்போது தேதிகள் கலைந்துவிடும். பொலிஸ் நிலையத்துக்குத் தாயைத் தனியே அனுப்பாதீர்கள், இருவராகப் போங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஆகவே கண்டியிலுள்ள அந்த ஆணைக்குழு அலுவலகத்திலும் போய்க் கேளுங்கள். அங்கேயே முறைப்பாட்டையும் பதியுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. இதைத் தெரியாமல் உரிமையை இழந்த குடும்பங்கள் பல.

கைதியே சிறையிலிருந்து உயர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதலாம். வசதியில்லாதவனுடைய கடிதத்தை மனுவாகவே ஏற்று, சட்ட உதவிக்கு அனுப்பி வைக்க அந்நீதிமன்றத்தின் விதிகளில் இடமிருக்கிறது. சாதாரணக் காகிதம் போதும். தமிழிலேயே எழுதலாம், அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. மொழிபெயர்ப்புக்கும் வழி சொல்கிறது. ஆயினும் மலைநாட்டு நீதிமன்றங்களில் நடவடிக்கை சிங்களத்திலேயே நடப்பதால், தமிழ்க் கடிதம் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போக நாளெடுக்கிறது. தமிழில் உள்ளதைச் சிங்களத்தில் பிழையின்றி எழுதக்கூடிய ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், இளைப்பாறிய உத்தியோகத்தர்கள் நம் பங்குகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பெந்தகோஸ்து ஞாயிறு பூசை முடிந்ததும் தங்கள் பெயரையும், வீட்டில் இருக்கும் நேரத்தையும் பங்குக் குருவானவரிடம் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த முறை ஒரு தாய் கசங்கிய தாளோடு வரும்போது அவரை எங்கே அனுப்புவது என்று குருவானவருக்குத் தெரிந்திருக்கும்.